ஜாக்சோனியன் சீஷர்: எப்படிச் சொல்வது, என்ன பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்பதற்காகத் தலையில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பலருக்கும் பேச்சு வருகிறது. டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் இ.இ.ஜி. எடுக்கும் எங்களிடம் கேட்பார்கள். சீட்டில் ஒரு வகை சீஷரைக் (வலிப்பை) குறிக்கும் 'ஜாக்சோனியன்' என்ற சொல் இருந்துவிட்டால் கேள்விகளும் ஏறக்குறைய அவையே. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது பற்றி இதில் எதுவும் இல்லை. அதை உங்கள் நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்ல "ஜாக்சோனியன் சீஷர்"னு போட்டிருக்கு. முதல்ல இதை வாயில எப்படிச் சொல்றது?

ஜாக் – ஸோ – னி – யன். அழுத்தம் 'ஸோ'வில் விழ வேண்டும். ஜாக்சன் என்று பெயரை மட்டும் சொல்லும்போது அழுத்தம் முதலில் இருக்கும், 'சன்' அமுங்கிப் போகும். பின்னால் 'இயன்' ஒட்டியதும் அழுத்தம் நகர்ந்து, அமுங்கிக் கிடந்த இடம் 'ஸோ' என்று நீள்கிறது. நியூட்டன், நியூட்டோனியன் ஆவதும் இதே கணக்குதான்.

முதல் எழுத்தில் வரும் உயிரொலி தமிழில் இல்லை. ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில், 'பேங்க்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வருமே, அது. அதனால் ஜாக்சோனியன், ஜேக்சோனியன் இரண்டையும் பார்ப்பீர்கள். எதைச் சொன்னாலும் டாக்டருக்குப் புரியும்.

சீஷரா, சீசரா, சீசூரா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சீ – ஷர். ஆனால் அந்த ஷ, 'ஷர்ட்' என்பதில் வரும் ஷ இல்லை. 'டெலிவிஷன்', 'மெஷர்' இவற்றின் நடுவில் வரும் ஒலி. தொண்டையில் விரலை வைத்து 'ஷ்ஷ்ஷ்' என்று இழுத்துப் பாருங்கள். காற்று மட்டும்தான் வரும், தொண்டை அதிராது. நாக்கை நகர்த்தாமல் அப்படியே குரலைச் சேருங்கள். விரலுக்கடியில் ரீங்காரம் தெரியும். அந்த அதிர்கிற ஷதான் வேண்டும். தமிழில் இதற்கு எழுத்து கிடையாது, அதனால்தான் ஆளாளுக்கு ஒன்று.

'சீசர்' என்று சொன்னால் அது ரோமாபுரி ஜூலியஸ் சீசர். அவருக்கே வலிப்பு இருந்ததாகப் பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள், ஆக இந்தக் குழப்பத்திலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிசேரியன் அறுவைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதையும் ஒருவர் கேட்டார்.

டாக்டர் "ஃபோகல்"னு சொன்னாரா "வோகல்"னு சொன்னாரான்னே தெரியலை. பேச்சு சம்பந்தப்பட்டதா?

ஃபோகல். 'ஃபோகஸ்' என்பதிலிருந்து வந்தது. மூளையில் ஓர் இடத்தில், ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்புக்கெல்லாம் இதுதான் பொதுப்பெயர். 'வோகல்' என்றால் குரல் சம்பந்தப்பட்டது. உதட்டைப் பல்லில் வைத்துக் குரல் இல்லாமல் ஊதினால் ஃப, குரலோடு ஊதினால் வ. மேலே சொன்ன தொண்டைச் சோதனை இங்கும் உதவும். சில ஃபோகல் சீஷரில் பேச்சு நின்றுபோவதும் உண்டு என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதே.

ஜாக்சோனியன் என்பது ஃபோகல் சீஷரில் ஒரு வகை. எல்லா ஃபோகலும் ஜாக்சோனியன் ஆகாது.

ஜாக்சோனியன்னா என்ன, ஊர்ப் பேரா? தேடினா அமெரிக்க அரசியல் வருது.

அங்கே வருவது அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன். நம்முடையவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1835இல் பிறந்து 1911இல் மறைந்த நரம்பியல் மருத்துவர். லண்டன் குயின் ஸ்கொயரில், பக்கவாதத்துக்கும் வலிப்புக்கும் என்றே இருந்த மருத்துவமனையில் நீண்ட காலம் வேலை செய்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கே இந்த மாதிரி வலிப்பு இருந்தது, 1876இல் இறந்துபோனார்.

அதுவரை வலிப்பு என்றாலே ஆள் சுருண்டு விழுந்து நினைவு தப்புவது என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். ஜாக்சன், ஒரு பக்கத்தில் மட்டும் துடிக்கிறவர்களை உட்கார்ந்து கவனித்தார். பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் அது தொடங்குகிறது என்று கண்டார்: கட்டைவிரல் அல்லது ஆள்காட்டி விரல், வாயின் ஓரம், கால் பெருவிரல். அங்கிருந்து தாறுமாறாகப் பரவாமல் ஒரு வரிசையில் போகிறது என்றும் கண்டார். அப்படியானால் மூளையிலும் உடம்பு வரிசையாக வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்ததுதான் பெரிய விஷயம். ஸ்கேன் இல்லை, இ.இ.ஜி. இல்லை, பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அங்கு போய்ச் சேர்ந்தார். 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, இடத்துக்கு இடம் வேறு வேறு தசை அசைவதைக் காட்டியபோது ஊகம் உறுதியானது.

பெயரை அவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளவில்லை. பாரிஸ் மருத்துவர் ஷார்கோ வைத்தது. பிரவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1827இலேயே ஒருபக்க வலிப்பைப் பற்றி எழுதியிருந்தார். அதனால் சில பழைய நூல்களில் 'பிரவே–ஜாக்சன்' என்று இருவர் பெயரும் சேர்ந்தே வரும்.

"ஜாக்சோனியன் மார்ச்"னு எழுதியிருக்கு. எங்களுக்கு வந்தது ஜூலையில. மாசத்தைத் தப்பாப் போட்டுட்டாங்களா?

இல்லை. இது மாதப் பெயர் இல்லை, அணிவகுத்து நடப்பதைச் சொல்லும் 'மார்ச்'. துடிப்பு ஓர் இடத்தில் தொடங்கிப் பக்கத்து இடத்துக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நகர்வதற்கு அந்தப் பெயர். உதாரணமாக வலது கட்டைவிரல் படபடவென்று வெட்டும். சில விநாடியில் மற்ற விரல்கள், பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். எல்லோருக்கும் தோள் வரை போக வேண்டும் என்றில்லை, மணிக்கட்டோடு நின்றுவிடுவதும் உண்டு.

ஏன் அந்த வரிசை? மூளையின் மேற்பரப்பில், உடலை அசைக்கும் கட்டளைகளுக்கென்று ஒரு பட்டை, தலையில் ஹெட்போன் மாட்டினால் வளையம் போகும் போக்கில், உச்சியிலிருந்து காதுப்பக்கம் வரை இறங்குகிறது. கால் உச்சியில், இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே உள்ள மடிப்பில் இருக்கிறது. கீழே வர வர உடல், தோள், கை, விரல்கள், அப்புறம் முகம். மான்ட்ரியலில் பென்ஃபீல்டும் போல்ட்ரியும், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, 1937இல் இந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். நுட்பமாக வேலை செய்யும் விரல்களும் உதடும் அதில் அளவுக்கு மீறி இடம் பிடித்திருக்கின்றன. வலிப்பு அங்கே அடிக்கடி தொடங்குவதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது கட்டைவிரலும் வாயோரமும். உடம்பில் இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! மூளைப் பட்டையில் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால்தான் விரலில் தொடங்கிய துடிப்பு தோளைத் தொடாமலே வாய்க்குத் தாவலாம். "விரல் துடிச்சது, உடனே வாய் கோணிச்சு, நடுவுல ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் யாராவது சிரித்தாலும் நீங்கள் சொல்வதை மாற்றாதீர்கள்.

துடிக்கவே இல்லை, மரமரப்பு மட்டும் விரல்ல இருந்து மேல ஏறுச்சு. அதுவும் இதுதானா?

இருக்கலாம். அசைவுப் பட்டைக்கு நேர் பின்னால் தொடு உணர்வுக்கான பட்டை இருக்கிறது, அதிலும் உடம்பு ஏறக்குறைய அதே வரிசையில்தான். அங்கே தொடங்கினால் எறும்பு ஊர்வது போலவோ, மரத்துப்போவது போலவோ உணர்வு மட்டும் நகரும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "சும்மா சொல்றார்" என்ற பேச்சு இவர்களுக்குத்தான் அதிகம்.

வலது கையில வந்தா மூளையில இடது பக்கமா?

ஆமாம். கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியில் பக்கம் மாறுகின்றன.

நினைவு தப்பவே இல்லையே, பேசிக்கிட்டேதான் இருந்தார். அப்புறம் எப்படி வலிப்புனு சொல்றாங்க?

மூளைச் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின் துடிப்பு விட்டால் அது சீஷர். எவ்வளவு இடம் சிக்கிக்கொண்டது என்பதைப் பொறுத்துத்தான் நினைவு தப்புவதும் தப்பாததும். ஜாக்சோனியனில் சிறிய இடம்தான் சிக்குகிறது, அதனால் பெரும்பாலும் ஆள் முழு உணர்வோடு தன் கை துடிப்பதைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களைவிட அவருக்குத்தான் இது அதிக பயம்.

நடிப்போ பதற்றமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். பிடித்தாலும் வலிப்பின் வெட்டு நிற்காது, பிடிக்குள்ளேயே வெட்டும். அதற்காக அமுக்கிப் பிடித்துச் சோதிக்க வேண்டாம், அடிபடும்.

பழைய ரிப்போர்ட்ல "சிம்பிள் பார்ஷியல்", இப்ப "ஃபோகல் அவேர்". நோய் மாறிடுச்சா?

நோய் அதேதான், பெயர்தான் மாறியிருக்கிறது. வலிப்பு வகைகளுக்குப் பெயர் வைப்பது சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம். 1981 பட்டியலில் நினைவு தப்பாததற்கு 'சிம்பிள் பார்ஷியல்', தப்பியதற்கு 'காம்ப்ளெக்ஸ் பார்ஷியல்' என்று வைத்தார்கள். 2017இல் அவை 'ஃபோகல் அவேர்', 'ஃபோகல் இம்பேர்ட் அவேர்னஸ்' ஆயின. 2025 திருத்தத்தில் 'அவேர்னஸ்' இருந்த இடத்துக்கு 'கான்ஷியஸ்னஸ்' வந்துவிட்டது. எனவே வெவ்வேறு காலத்தில் எழுதிய மூன்று ரிப்போர்ட்டில் மூன்று பெயர் இருந்தால் திகைக்காதீர்கள்.

பழைய பெயர் போனது நல்லதுதான். 'சிம்பிள்' என்றதும் சாதாரணம்தானே என்று மாத்திரையை விட்டவர்களும் உண்டு, 'காம்ப்ளெக்ஸ்' என்றதும் கலங்கியவர்களும் உண்டு. 'ஜாக்சோனியன்' என்ற சொல் இந்த மாற்றங்களுக்கெல்லாம் தப்பி, நகரும் விதத்தைச் சொல்லும் அடைமொழியாக இன்னும் புழங்குகிறது.

கையில தொடங்கி அப்புறம் முழு உடம்பும் வெட்டி விழுந்துட்டார். இப்பவும் அதே பேரா? "டானிக்"னு வேற எழுதியிருக்கு.

இது 'ஃபோகல் டு பைலேட்டரல் டானிக்-க்ளானிக்'. ஓரிடத்தில் தொடங்கி இரு பக்கமும் பரவியது என்று பொருள். டானிக் என்றால் இங்கே உடம்பு விறைப்பது, க்ளானிக் என்றால் விட்டுவிட்டு வெட்டுவது. சத்து டானிக் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று கடைக்குப் போக வேண்டாம்.

முழு உடம்பும் வெட்டிய காட்சி பயங்கரமாக இருப்பதால் வீட்டாருக்கு அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அதற்கு முன் கட்டைவிரல் துடித்த பத்து விநாடியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது அந்தப் பத்து விநாடி. 'உடம்பு முழுக்க ஃபிட்ஸ்' என்று மட்டும் சொன்னால், வேறு வகை வலிப்பு என்று முடிவாகி, அதற்கேற்ற மருந்து போகக்கூடும்.

முழு வலிப்பாக மாறிவிட்டால்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

"ஆரா" வருதான்னு கேட்டாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

உச்சரிப்பு 'ஓரா'வுக்குப் பக்கம், ஆனால் நம்மிடம் 'ஆரா' என்றே நிலைத்துவிட்டது. இளங்காற்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல். காலில் தொடங்கிக் குளிர்ந்த காற்றுபோல் ஏதோ மேலே ஏறுகிறது என்று வலிப்பு வரும் சிறுவர்கள் சொன்னதைக் கேலன் என்ற பண்டைய மருத்துவர் குறித்துவைத்ததிலிருந்து வந்தது.

முன்னெச்சரிக்கை என்று சொல்வார்கள். உண்மையில் ஆராவே ஒரு சிறிய ஃபோகல் சீஷர்தான், பரவுவதற்கு முந்தைய கட்டம். எனவே மரமரப்பு ஏறுவது பற்றி மேலே சொன்னது ஒருவருக்கு ஆராவாகவும், இன்னொருவருக்கு அத்தோடு முடிந்துபோகும் முழு சீஷராகவும் இருக்கும்.

மைக்ரேனுக்கும் இப்படி மரமரப்பு நகருமாமே? ஸ்ட்ரோக்கா இருந்தா?

மைக்ரேனில் நகர்வது மெதுவாக, பல நிமிடம் எடுத்துக்கொண்டு விரலிலிருந்து முகத்துக்கு வரும். பெரும்பாலும் கண்ணில் மின்னும் கோடுகளும் பின்னால் தலைவலியும் சேரும். ஜாக்சோனியன் விநாடிக் கணக்கு. ஸ்ட்ரோக் பொதுவாக நகர்வதில்லை; ஒரேயடியாகக் கை விழுந்துவிடும், முகம் சரிந்துவிடும். துடிப்பைவிட பலவீனம்தான் அதில் முதலில் தெரியும்.

இவையெல்லாம் டாக்டர் யோசிக்கும் வழிகள், வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை. முதல் முறை வந்தால் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனை.

வலிப்பு நின்ன பிறகு அந்தக் கையைத் தூக்கவே முடியலை. "டாட்ஸ் பரீசிஸ்"னு சொன்னாங்க, பக்கவாதமா?

டாட் என்பவர் ராபர்ட் பென்ட்லி டாட், 1849இல் இதைப் பற்றி விரிவுரையாற்றியவர். பரீசிஸ் என்பதில் 'ரீ' நீளும். பலம் குறைவது என்று பொருள். துடித்துக் களைத்த மூளைப்பகுதி சற்று நேரம் வேலை செய்வதில்லை, அதனால் அது ஆண்ட கை சோர்ந்து கிடக்கிறது. சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்துத் திரும்பிவிடும், அரிதாக ஒரு நாளைத் தாண்டும்.

ஆனால் துடித்ததை யாரும் பார்க்காமல், கை விழுந்திருப்பதை மட்டும் பார்த்தால், 'டாட்ஸ்தான், சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

"எபிலெப்சியா பார்ஷியாலிஸ் கன்டினுவா"னு நீளமா ஒண்ணு இருக்கே?

எபி-லெப்-சியா பார்-ஷி-யா-லிஸ் கன்-டி-னு-வா. லத்தீன். இங்கே பிரித்து எழுதியபடியே படித்தால் போதும். ஒரு விரலோ முகத்தின் ஓரமோ மணிக்கணக்கில், நாள்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட விடாமல் துடித்துக்கொண்டிருப்பது. ஜாக்சோனியன் போல நடந்து போகாது, பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கும். மருந்துக்கு எளிதில் அடங்காது.

1890களில் மாஸ்கோவில் இதை விவரித்தவர் கொஷெவ்னிகோவ். அந்த 'ஷெ'யில் வருவது இரண்டாம் கேள்வியில் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்த அதே அதிரும் ஒலி. ரோமன் எழுத்தில் இதற்குப் போடும் ஈரெழுத்தைத்தான் நாம் ழகரத்துக்கும் போடுகிறோம். அதனால் 'கொழெவ்னிகோவ்' என்று படிக்கிறவர்கள் நம்மவர்கள் மட்டும்தான்.

ஜாக்சோனியன்னாலே மூளைக் கட்டியாமே?

கட்டியும் ஒரு காரணம், அவ்வளவுதான். பழைய அடியின் தழும்பு, ஸ்ட்ரோக், நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவது, காசநோய்க் கட்டி, பிறவியிலேயே ரத்தக்குழாயிலோ மூளை அடுக்கிலோ இருக்கும் கோளாறு என்று வரிசை நீளும். பலருக்கும் தெரியாத ஒன்று: ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகமாக ஏறினால் கை மட்டும் துடிக்கும் வலிப்பு வரலாம், சர்க்கரை இறங்கியதும் நின்றுவிடலாம். எம்.ஆர்.ஐ.க்கு முன்பே விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது அதனால்தான்.

அப்படித் தற்காலிகக் காரணத்தால் வந்த சீஷரை எபிலெப்சி என்று சொல்வதில்லை. சீஷர் என்பது ஒரு நிகழ்ச்சி. தூண்டுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் இயல்பு இருந்தால்தான் எபிலெப்சி. ரிப்போர்ட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

இ.இ.ஜி. நார்மல்னு வந்துடுச்சு. அப்ப வலிப்பு இல்லைனு அர்த்தமா?

எங்கள் வேலை பற்றிய கேள்வி. இல்லை, அப்படி அர்த்தம் இல்லை. மூளையின் மின்னோட்டம் எலும்பையும் தோலையும் கடந்து எங்கள் ஒயருக்கு வர வேண்டுமானால், பல சதுர சென்டிமீட்டர் பரப்பு சேர்ந்து துடிக்க வேண்டும். கட்டைவிரலோடு நிற்கும் வலிப்பில், கண்முன் விரல் துடிக்கும்போதே இ.இ.ஜி. அமைதியாகப் போவதும் உண்டு. கால் பகுதி ஆழமான மடிப்பில் இருப்பதால் அங்கே இன்னும் கடினம்.

தமிழ்ல ஒரே வார்த்தையில என்ன சொல்றது? காக்காய் வலிப்புனு சொல்லலாமா?

காக்காய் வலிப்பு, கால்-கை வலிப்பு மருவியது என்பார்கள். காக்கைக்கு அதில் பங்கில்லை. ஆனால் கேட்கிறவர் மனதில் விழுந்து வெட்டும் காட்சிதான் வரும். முயலகன் என்ற பழைய பெயரும், அபஸ்மாரம் என்ற வடமொழிப் பெயரும் நினைவு தப்புவதோடு சேர்ந்தவை, இதற்குப் பொருந்தாது. பாடநூல்களில் 'குவிய வலிப்பு' இருக்கிறது, வீட்டில் யாருக்கும் புரியாது. "ஒரு பக்க வலிப்பு, நினைவு தப்பாது" என்று சொல்லுங்கள். ஒரே வார்த்தை ஆகாவிட்டாலும் விஷயம் போய்ச் சேரும்.

பேரைத் தப்பாச் சொன்னா டாக்டர் தப்பா எடுத்துப்பாரோ? வேற என்னதான் சொல்லணும்?

பெயரே சொல்ல வேண்டாம். எந்த விரலில், எந்தப் பக்கம் தொடங்கியது, அடுத்து எங்கே போனது, பேச முடிந்ததா, எவ்வளவு நேரம், முடிந்த பிறகு கையைத் தூக்க முடிந்ததா. இவ்வளவையும் வரிசையாகச் சொன்னால் 'ஜாக்சோனியன்' என்பதை அவர் எழுதிக்கொள்வார்.

போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. துடிக்கும் விரலை மட்டும் கிட்டத்தில் எடுக்காமல், முகமும் இரண்டு கையும் தெரியும்படி எடுங்கள். எடுக்கும்போதே அவரிடம் பெயரைக் கேளுங்கள், பதில் வருகிறதா என்பது அதில் பதிவாகிவிடும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்களில் இடம் வலம் மாறிப் பதிவாகும். அதனால் எந்தக் கை என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடுங்கள்.